நிறைத்துக் கொடுத்த கார்

அப்பாவின் அம்பாசடர் முறை தப்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றது அந்த ஒரு தடவைதான். சித்திரை மாதம், காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவன் என் அண்ணன் மகன். இறங்கியதும் சாவியை என் கையில் வைத்து, "சித்தப்பா, இது இங்கயே நிக்கட்டும். அப்பா வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க," என்றான். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திருமங்கலம் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டான்.

காரின் முன்பக்க பம்பர் இடதுபுறம் உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு விளக்கு உடைந்திருந்தது.

நாங்கள் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அண்ணன் திருமங்கலத்தில் விதைக் கடையும் உரக் கடையும் நடத்தி, இப்போது மகனிடம் விட்டுவிட்டார். நான் மதுரையில் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிக்கு மேலூரில் டிப்பர் லாரிகள். அப்பா இறந்தபோது நிலத்தைப் பிரித்துக்கொண்டோம். காரைப் பிரிக்க முடியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு வருஷம் என்று முறை வைத்துக்கொண்டோம். மாசி சிவராத்திரிக்குக் கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில் எல்லோரும் கூடுவோம். அங்கே வைத்துச் சாவி கைமாறும். அந்த மாசியில் தம்பியிடமிருந்து கார் அண்ணனுக்குப் போயிருந்தது.

நடந்ததை அண்ணன் மகன் போனில் சொன்னான். அண்ணன் பேத்தியின் முழுப் பரீட்சை முடிந்த நாள். அண்ணன் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்திருக்கிறார். சந்தைக் கூட்டம். வெகுநேரம் ஊர்ந்து ஊர்ந்து வந்து, ஒரு வளைவில் டீக்கடை இரும்புக் கிராதியில் கார் மோதியிருக்கிறது. கடையில் யாருக்கும் ஒன்றுமில்லை. முன்சீட்டில் இருந்த பேத்தியின் நெற்றி டாஷ்போர்டில் இடித்துப் புடைத்துவிட்டது.

"பிரேக் பிடிக்கலன்னு சொல்றாரு சித்தப்பா. நான்தான மதுரைக்கு ஓட்டிட்டு வந்தேன்? கல்லு மாதிரி பிடிக்குது. மறுநாள் மெக்கானிக்கிட்டயும் காட்டினேன், ஒண்ணுமில்லன்னுட்டாரு. இவருக்குக் கால் மரத்துப் போச்சு. மிதிச்சதா நெனச்சிருப்பாரு, மிதிச்சிருக்க மாட்டாரு."

அவன் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுகாலமாகிறது. போன வருஷம் கூடத்தில் இருந்து கடைவாசல் வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். இன்னொன்று பாதி வழியில் கழன்று கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. அன்று எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இப்போது அந்தச் செருப்பு அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். குரல் தணிந்திருந்தது.

"மிதிச்சேன்டா. தரையைத் தொடுற வரைக்கும் உள்ள போச்சு. பஞ்சுல கால வச்ச மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுனாலதான் அதோட நின்னுச்சு. இத எம்புட்டுத் தடவை சொல்லியாச்சு. எல்லாரும் தலைய ஆட்டுறாய்ங்க, ஒருத்தனும் நம்பல."

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. எங்கிட்டத்தான் விட மாட்டேங்குறாக."

அது அவருடைய மருமகளின் முடிவு. கார் போனதில்கூட அண்ணனுக்கு அவ்வளவு வருத்தமில்லை. இரண்டு தெரு தள்ளிப் பாட்டு வகுப்பு. தினமும் சாயங்காலம் பேத்தியைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது அவர் வேலையாக இருந்தது. இப்போது அதற்குக் கடைப்பையன் ஒருவனை அனுப்புகிறார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு முடியவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதரோடு பிள்ளையை எப்படித் தெருவில் அனுப்புவாள்?

அண்ணன் போனை வைப்பதற்கு முன் இன்னொன்று சொன்னார். "சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்குடா. நெசமாவே மிதிச்சேனா?"

அதற்குப் பிறகுதான் அந்தக் காரை நான் ஓட்டத் தொடங்கினேன். பத்திரிகை வேலையில் ஒருவர் சொல்வது உண்மை என்று எழுதவும் பொய் என்று எழுதவும் ஒரே அளவு அலைய வேண்டும். இங்கே இரண்டு தரப்பு இருந்தது, யாரும் அலைந்திருக்கவில்லை.

காலை வேளைகளில் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பால் வாங்கப் போனேன், நாளிதழ் வாங்கப் போனேன், ஒன்றுமில்லை. அண்ணன் மகன் சொன்னது சரி என்று முக்கால்வாசி நம்பியும் விட்டேன். பிறகு ஒரு நாள் மதியம் கோரிப்பாளையத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வெயிலில், அந்த நெரிசலில், ஆட்டோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே மிதித்து மிதித்து விட்டேன். வைகைப் பாலத்துக்கு ஏறும் சரிவில் வண்டிகள் நின்றன. நானும் நின்றேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் உருள வேண்டும். உருளவில்லை.

அம்பாசடர் கனமான வண்டி. சரிவில் தானாக நிற்காது. யாரோ பிடித்து வைத்திருப்பது போல நின்றது. பாலத்தைத் தாண்டி ஓரம் கட்டும்போது பெடல் காலையில் இருந்ததைவிட ஆழமாக இறங்கியது. இறங்கிப் பார்த்தேன். முன் சக்கரத்தில் கருகிய வாடை. குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் கொஞ்சம் ஊற்றினேன். தோசைக்கல்லில் ஊற்றியது போல் சீறியது.

ஒரு மரத்தடியில் நிறுத்தி மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து மறுபடி மிதித்துப் பார்த்தேன். பெடல் மேலேயே நின்றது. கல் மாதிரி.

அண்ணன் மகன் காரை மதுரைக்கு ஓட்டி வந்தது காலை நேரத்தில், நான்குவழிச் சாலையில். அந்தச் சாலையில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. திருமங்கலம் மெக்கானிக் பார்த்ததும் மறுநாள், ஆறிய பிறகு. சமவெளியில் ஓடும் வண்டியில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ள வசதி அதிகம். மலைப்பாதையாக இருந்தால் முதல் இறக்கத்திலேயே குட்டு உடைந்திருக்கும்.

தெற்குவாசல் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் உண்டு. வேலையைவிடப் பேச்சு அதிகம், ஆனால் வேலையும் மோசமில்லை. பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, ரசத்தை ஊத்தி வச்சிருக்கீங்க?"

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கீழே கறுத்த கலங்கல், மேலே சிவப்பாக ஒரு படலம். ரசத்தில் எண்ணெய் மிதப்பது போல. மூடியின் உள்ளே இருந்த ரப்பர் உப்பி, வெளியே எடுத்த பிறகு திரும்ப உட்கார மறுத்தது.

"உள்ள இருக்குற ரப்பரெல்லாம் இப்படித்தான் ஊறிக் கெடக்கும்," என்றார். ரப்பர் ஊதினால் பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக் முழுதாக விடாது. லேசாக உரசிக்கொண்டே வரும். உரச உரசச் சூடு ஏறும். ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற மிதி எல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போகாது. ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், பெடலும் சரியாகிவிடும். அவர் இதை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதி அவர் சொன்னது, மீதி நான் அன்று மாலை படித்துத் தெரிந்துகொண்டது.

பின் சக்கரத்தைக் கழற்றியதும் இன்னொன்று தெரிந்தது. பிரேக் சிலிண்டரைச் சுற்றி ஆயில் ஈரம். அதன்மேல் தூசி படிந்து, காய்ந்து, மறுபடி ஈரமாகி, அடுக்கடுக்காக அப்பியிருந்தது.

"இது இன்னைக்கு நேத்து ஒழுகுனது இல்லண்ணே. வருஷக்கணக்கா ஒழுகுது. டப்பா கொறஞ்சிருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும். யாரோ நெறச்சுக்கிட்டே இருந்திருக்காய்ங்க."

அந்த யாரோ நாங்கள் மூன்று பேரும்தான். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை எங்கள் பக்கம் வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். காருக்கும் அதே மரியாதையைச் செய்தோம். சிவராத்திரிக்கு முதல் நாள் காரைக் கழுவி, பெட்ரோல் டேங்கை நிறைத்து, ரேடியேட்டரை நிறைத்து, பிரேக் டப்பாவையும் கழுத்துவரை நிறைத்துத்தான் அடுத்தவன் கையில் கொடுப்போம். குறையோடு கொடுத்தால் எடுத்துக்கொள்பவன் ஒன்றும் சொல்ல மாட்டான், அவன் மனைவி சொல்வாள். இப்படி ஒவ்வொரு மாசியும் டப்பா நிறைந்தது, ஒழுக்கு மறைந்தது. நிறைந்திருக்கிற டப்பாவை யாரும் காலி செய்து புது ஆயில் மாற்றுவதில்லை. அப்பா காலத்து ஆயிலில் கொஞ்சம் அதில் இன்னும் இருந்தாலும் ஆச்சரியமில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். எத்தனை மழைக்காலத்து ஈரத்தைக் குடித்திருக்குமோ.

சிவப்புப் படலம் மட்டும் புரியவில்லை. அண்ணனும் நானும் கடையில் கொடுக்கும் சின்ன பாட்டிலைத்தான் ஊற்றுவோம். மூன்றாவது ஆள் தம்பி. மேலூருக்குப் போன் போட்டேன்.

"மாசியில பிரேக் டப்பாவுல என்னடா ஊத்துன?"

"ஏன்ணே? நெறச்சுத்தான குடுத்தேன்?"

"நெறச்ச. எதை ஊத்தி நெறச்ச?"

"நம்ம லாரி ஷெட்டுல இருந்த பவர் ஸ்டீரிங் ஆயிலு, செவப்பா இருக்குமே. நல்ல ஆயில்ணே அது. கடையில விக்கிற சின்ன பாட்டில விட ஒசத்தி. அண்ணனுக்குப் போற வண்டியாச்சேன்னு ஊத்துனேன்."

அது இந்த ரப்பருக்கு ஆகாது என்று சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். மறுமுனையில் லாரி ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"அப்ப பாப்பா நெத்தி வீங்குனதுக்கு நாந்தான் காரணமா?"

"ஒழுக்கு பழசு. தண்ணி பழசு. அதுல மூணு பேருக்கும் பங்கு இருக்கு. ரப்பர் ஊதுனது உன் ஆயில்ல."

"அண்ணன்கிட்ட நானே சொல்றேன். நீ சொல்லாத."

சொல்லியிருக்கிறான். அன்று மாலையே அண்ணன் எனக்குப் போன் போட்டார். திட்டுவதற்கு அவருக்கு உரிமை இருந்தது. "அவன் அழுவுறான்டா கூறுகெட்ட பய. அண்ணனுக்கு ஒசத்தியா இருக்கட்டும்னு ஊத்துனானாம்," என்றார். பிறகு, "எம் மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன், அவன் கேட்டுக்கொண்டான் என்றேன். கேட்டுக்கொண்டான் என்பதும் நம்பினான் என்பதும் வேறு என்று அண்ணனுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் மகன் என்னிடம் சொன்னது இதுதான்: "பிரேக்குல கோளாறு இருக்கலாம் சித்தப்பா. ஆனா அன்னைக்கு அப்பா மிதிச்சாரான்னு யாருக்குத் தெரியும்?"

நியாயமான கேள்வி.

வேலை தொடங்கியது. மெக்கானிக் முதலில், பெட்ரோல் விட்டு எல்லாவற்றையும் கழுவிப் புது ஆயில் ஊற்றினால் போதும் என்றார். புது பாட்டிலின் லேபிளைப் படித்துக் காட்டினேன். பெட்ரோலும் மற்ற எண்ணெய்களும் படவே கூடாது என்று அச்சடித்திருந்தது.

"லேபிளெல்லாம் படிப்பீங்களோ?"

"படிக்கிறதுதானய்யா பொழப்பா இருந்துச்சு."

"அது சரி. நாங்க மூடியப் பாத்து வாங்குறதோட சரி." சிரித்துவிட்டு, ரப்பர் எல்லாவற்றையும் மாற்றச் சம்மதித்தார். குழாய்களையும் மாற்றினார். எந்த ஆயில் என்பதில் மறுபடி ஒரு பேச்சு. ஈரமே குடிக்காத சிலிக்கான் வகை ஒன்று இருக்கிறதே, பழைய கார்களை நிறுத்தி வைத்திருப்பவர்கள் விரும்புகிறார்களே என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதை மற்ற வகையோடு கலக்கக் கூடாது. மூன்று வீடு சுற்றும் வண்டியில் எவனாவது பழக்கதோஷத்தில் சாதா ஆயிலை ஊற்றத்தான் செய்வான். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற டாட் நான்கு ரக ஆயிலே போதும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றிவிடுங்கள் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. எங்கள் மூவரையும் அறிந்தவர் போலத் தேர்வு செய்தார்.

ஆயில் ஊற்றிய பிறகு குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து சின்ன நட்டைத் திறந்து மூட, இன்னொருவர் உள்ளே பெடலை மிதிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அண்ணன் பட்டறைக்கு வந்தார். பஸ்ஸில் வருவதாகத்தான் சொல்லியிருந்தார். மகன் தனியாக விடவில்லை போலும், பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்தான். அண்ணன் காரைச் சுற்றி வந்து, அமுங்கிய பம்பரைத் தடவிவிட்டு, யாரும் கேட்காமலே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார்.

மகன் என்னைப் பார்த்தான்.

சக்கரத்தடியிலிருந்து மெக்கானிக் கத்தினார். "மிதிங்க அண்ணே! இன்னும், இன்னும்... அப்படியே பிடிங்க!"

நட்டைத் திறந்தார். நுரையோடு ஆயில் கிண்ணத்தில் பாய்ந்தது. அண்ணனின் கால் அப்படியே கீழே இறங்கியது. அவர் முகம் மாறிவிட்டது. ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இதேதான்," என்றார். "டேய், இதேதான்டா. இப்படித்தான் போச்சு."

"காலை எடுத்துராதீங்கண்ணே! நட்டை மூடல இன்னும்!"

அண்ணன் எடுக்கவில்லை. மூடியாச்சு என்று குரல் வந்த பிறகுதான் விட்டார். மறுபடி மிதி, பிடி, திற, மூடு, விடு. ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றி வந்தார்கள். ஒரு தடவை அவர் பாதம் பெடலின் ஓரத்துக்கு நழுவியது. அவர் குனிந்து, கண்ணால் பார்த்து, சரி செய்துகொண்டார். அதையும் நான் கவனித்தேன், மகனும் கவனித்தான். பெருவிரலில் உணர்வு குறைவு என்பது பொய்யில்லை. அதை இங்கே எழுதாமல் விட்டால் பாதிச் செய்திதான் எழுதியவனாவேன்.

கடைசிச் சக்கரம் மீதி இருந்தபோது அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். "நீ ஏறுடா," என்றார் மகனிடம்.

"எதுக்குப்பா?"

"ஏறி மிதி. சும்மா மிதி."

அவன் ஷூவோடு ஏறி உட்கார்ந்தான். மெக்கானிக்கின் குரல் வந்தது. மிதித்தான். பெடல் அவன் காலைத் தாங்கி நின்றது. இளவட்டக் கால், பலமாகவே மிதித்தான். "பிடிங்க தம்பி!" நட்டு திறந்தது. நான் அவன் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தரை இல்லாத இடத்தில் கால் வைத்தவன் போல அது சட்டென்று இறங்கியது. அவனை அறியாமல் கை ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போனது.

நின்றிருக்கிற வண்டி. எங்கும் போகப் போவதில்லை. ஆனாலும் கை போனது.

"மூடியாச்சு, விடுங்க," என்றார் மெக்கானிக்.

அவன் உடனே விடவில்லை. பெடல் இன்னும் தரையில் கிடந்தது. "இப்படியாப்பா இருந்துச்சு?" என்று கேட்டான்.

அண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

"இன்னொரு தடவை வேணும் தம்பி, காத்து இருக்கு," என்றார் சக்கரத்தடியில் இருந்தவர். இன்னொரு தடவையும் அவனே மிதித்தான்.

கை கழுவப் போன இடத்தில் நின்று அவன் மனைவிக்குப் போன் செய்தான். பட்டறையில் எதுவும் ரகசியமாகப் பேச முடியாது. அண்ணன் கொஞ்சம் தள்ளி, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்ப்பவர் போல நின்றார்.

"அப்பா மிதிச்சாரு," என்றான் அவன். "மிதிச்சிருக்காரு. பிரேக்குதான் பிடிக்கல... ஆமா, நா மிதிச்சுப் பாத்தேன்... இல்ல, நெசமாத்தான் சொல்றேன்." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரி... கால் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன், அது வேற... சரி. கார்ல வேண்டாம். நடந்து கூட்டிட்டுப் போகட்டும். சரி, சொல்லிர்றேன்."

போனை வைத்துவிட்டு அண்ணனிடம் வந்தான். "நாளைல இருந்து பாட்டு கிளாஸுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்கப்பா. நடந்து. கார் இப்ப வேணாம்."

அண்ணன் டயரிலிருந்து விரலை எடுத்தார்.

"நடக்குறதுக்குத்தான்டா கால் வேணும்," என்றார். "கார் ஓட்டவே கால் இல்லன்னீங்க."

மகன் முதலில் சிரித்தான். பிறகு மெக்கானிக் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பாட்டு வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, இப்போது நேரத்தை மாற்றியிருக்கிறார்களா என்று மகனிடம் விவரம் கேட்கத் தொடங்கினார்.